அவர்கள் ருசிக்கிறார்கள், இவர்கள் குடிக்கிறார்கள்

"தண்ணி பார்ட்டின்னு நினைச்சுக்காதப்பா. இது டேஸ்டிங்!"

நண்பர் போனில் சொன்னது. மே மாதக் கடைசியில் பைக்காராவில் ஒரு பங்களா எடுத்திருக்கிறார்கள். ராத்திரி விருந்து. ஐந்து வகை சிரா ஒயின். கூடவே புகை போட்ட கறி, புகை போட்ட சீஸ், புகை போட்ட கத்தரிக்காய். இருபது பேர். ஒயின் விஷயம் தெரிந்த ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து பாடம் நடத்துவார். மறுநாள் காலை ஏரியில் போட்டிங். வந்துடு!

போனேன். குளிர் அருமை, சாப்பாடு அதைவிட அருமை. ஆனால் அந்த 'டேஸ்டிங்' என்ற வார்த்தை மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. இந்த வாரம் அந்த முள்ளைப் பற்றித்தான்.

சிரா என்பது ஒரு கறுப்புத் திராட்சை. பிரான்சில் ரோன் நதிக்கரையில் அதன் பெயர் சிரா. ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஷிராஸ் ஆனது. நம் நாசிக் பக்கமும் பெரும்பாலும் ஷிராஸ் என்றுதான் லேபிள் ஒட்டுகிறார்கள். பெயரைப் பார்த்து இது பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து ஒட்டகத்தில் ஏறி வந்த திராட்சை என்று ரொம்ப காலம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களின் கடைசியில் மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில் அப்பா, அம்மா இரண்டுமே தென்கிழக்கு பிரான்சின் உள்ளூர்த் திராட்சைகள் என்று தெரிந்தது. கதை க்ளோஸ். ஆனாலும் அன்றைக்கு விருந்தில் ஒருவர் "ஷிராஸ்" என்று சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் மென்மையாகச் சிரித்து "சிரா" என்று திருத்தினார். இரண்டும் ஒரே திராட்சை. திருத்தப்பட்டவர் அப்புறம் ராத்திரி முழுக்க வாயைத் திறக்கவில்லை.

இதுதான் இந்த மாதிரி விருந்துகளின் முதல் வேலை. யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போடுவது.

பாடம் ஆரம்பித்தது. கிளாஸைச் சுற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள், என்ன வருகிறது? மிளகு, புகை, தோல், கறுப்பு ஆலிவ். எல்லோரும் தலையாட்டினார்கள். நண்பரின் சித்தப்பா மட்டும், மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், பட்டென்று சொல்லிவிட்டார்: "எனக்கு மொளகும் வரல, ஒண்ணும் வரல. புளிச்ச வாடைதான் வருது."

கொல்லென்று சிரிப்பு. "சித்தப்பா, இன்னொரு தடவ சுத்திட்டு மோந்து பாருங்க!"

சிரித்தவர்களுக்கு ஒரு தகவல். சிராவில் அந்த மிளகு வாசனை எதனால் வருகிறது என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடம் தேடி 2008-ல் கண்டுபிடித்தார்கள். ரோட்டண்டோன் என்று பெயர். மிளகில் மிளகு வாசனை தருவதும் அதே சமாச்சாரம்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கலந்து கொடுத்தாலும் அந்த வாசனை தெரியவே இல்லை! மூக்கின் அமைப்பு அப்படி. பயிற்சிக்கும் படிப்புக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

அந்தக் கணக்குப்படி இருபது பேர் இருந்த அந்த அறையில் நாலு பேருக்காவது மிளகு தெரிந்திருக்காது. ஒருவர்தான் வாயைத் திறந்து சொன்னார். மற்றவர்கள் "ஆஹா, மிளகு!" என்றார்கள். எனக்கு அந்தச் சித்தப்பாவின் மூக்கின் மீது பெரிய மரியாதை வந்துவிட்டது.

வல்லுநர்களாவது ஒழுங்கா? கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், சொந்தமாக ஒயினும் தயாரிப்பவர், ஒரு குறும்பு செய்தார். போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டிலில் இருந்து மூன்று தடவை, தனித்தனி ஒயின் மாதிரி ஊற்றிக் கொடுக்கச் செய்தார். ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர். 2008-ல் கட்டுரையாக வந்தது. அதற்கு முன்பே 2001-ல் பிரான்சில் ப்ரோஷே என்பவர், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் நாக்குக்கும் சிவப்பாகவே தெரிகிறது.

அதனால் எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. சிராவும் புகை போட்ட கறியும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்பது உண்மை. காரணமும் எளிமையானதுதான். விறகு எரியும்போது கட்டையில் உள்ள லிக்னின் சிதைந்து குவாயகோல் மாதிரியான பொருட்கள் புகையாகக் கிளம்பி கறியில் படிகின்றன. ஒயின் ஊறும் ஓக் பீப்பாயையும் உள்ளே தீயில் வாட்டித்தான் செய்கிறார்கள். அதே வாசனை அங்கேயும் வருகிறது. இதிலும் அதிலும் ஒரே புகை. அப்புறம், கறியின் கொழுப்பும் உப்பும் ஒயினின் துவர்ப்பை அடக்குகின்றன. நாம் துவர்ப்பான வாழைப்பூவுக்குப் பருப்பும் தேங்காயும் சேர்ப்பதில்லையா, அதே சூட்சுமம். மே மாதத்திலும் பைக்காரா ராத்திரி, சிவப்பு ஒயினுக்குச் சரியான குளிர். சென்னையில் முப்பத்தைந்து டிகிரியில் 'ரூம் டெம்பரேச்சர்' என்று சொல்லி ரசம் மாதிரி சூடாகக் குடிக்கிறார்களே, அதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஆனால் நம்முடைய மிளகாய்க்கும் பதினாலு சதவிகித ஆல்கஹாலுக்கும் ஒத்துவராது. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஒயினை மாற்றுவான். இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? சமையலை மாற்றிவிட்டார்கள்.

தம் அடிக்க வெளியே போனவர்களோடு நானும் பின்பக்கம் போனபோது சமையற்காரர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். கூடலூர் பக்கத்துக்காரர். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம்.

"மொளகாயே போடக் கூடாதுன்னுட்டாங்க சார். ஒயினு கெட்டுருமாம்."

"புகை போடறது எங்க கத்துக்கிட்டீங்க?"

சிரித்தார். "இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? எங்க ஆயா வீட்ல அடுப்புக்கு மேல கறி தொங்கும். மழைக்காலம் பூரா அதான். மாசி இடிச்சு சம்பல் போடுவாங்க. பேரெல்லாம் வச்சதில்ல."

பேர் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மாசி என்பது என்ன? சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தது. மாலத்தீவும் லட்சத்தீவும் நமக்குத் தந்த சொத்து. இலங்கைத் தமிழர் சமையலில் அது இல்லாமல் பாதி அயிட்டம் கிடையாது. அடுப்புப் பரணில் விதைக்கதிரைத் தொங்கவிட்டுப் புகையில் பூச்சி அண்டாமல் காப்பாற்றிய வீடுகள் நம் மலைகளில் எத்தனையோ உண்டு. மிளகு? மலை இறங்கினால் கூடலூர், பந்தலூரில் மரமெல்லாம் மிளகுக்கொடி. மிளகும் புகையும் காலகாலமாக இருக்கிற ஊரில், நாசிக்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பாட்டிலுக்குள் மூக்கை விட்டு "மிளகு இருக்கா, புகை இருக்கா" என்று தேடுகிறார்கள். மிளகாயைத் தெரிந்த சமையற்காரரோ மிளகாய் போடாமல் கைகட்டி நிற்கிறார்.

இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு, விட்டுத்தள்ளு என்று விட்டிருப்பேன். ஆனால் 'டேஸ்டிங்' என்ற வார்த்தை அந்த பங்களாவோடு நிற்பதில்லை. சட்டத்துக்குள்ளும் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் போகிறது. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சிரா பாட்டில் 750 மி.லி. ஆல்கஹால் 14 சதவிகிதம். ஆக, ஒரு பாட்டிலில் சுத்த ஆல்கஹால் 105 மி.லி. டாஸ்மாக்கில் விற்கும் ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மி.லி., 42.8 சதவிகிதம். சுத்த ஆல்கஹால் 77 மி.லி. ஒரு லிட்டர் கள், ஐந்து சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.லி.

பங்களாவில் ஒருவர் ஐந்து ரவுண்டு 'டேஸ்ட்' செய்து, பிடித்ததை இன்னும் இரண்டு கிளாஸ் வாங்கிக்கொண்டு முக்கால் பாட்டிலை முடித்தால், கேத்தி பஸ் ஸ்டாண்டில் ஒரு கொத்தனார் குடித்த குவார்ட்டருக்கு அவர் கடனே பாக்கியில்லை. இரண்டு பேர் கல்லீரலுக்கும் ஒரே வேலை. ஆனால் இவர் 'ஒயின் ரசிகர்'. அவர் 'குடிகாரன்'. இவர் தடுமாறினால் 'ஜாலியாக இருந்தார்'. அவர் தடுமாறினால் லத்தி.

ஒயின் என்ற வார்த்தையே இந்த ஊரில் ஒரு ஜோக். 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுக்கும் வரை தெருவுக்குத் தெரு இருந்த தனியார் கடைகளுக்கு 'ஒயின் ஷாப்' என்றுதான் பெயர். உள்ளே போய் யாரும் ஒயின் கேட்டதில்லை. மரியாதைக்காக அந்தப் பெயர். அதே மரியாதையைத்தான் இப்போது கிளாஸில் ஊற்றிச் சுற்றுகிறார்கள்.

சட்டத்தைப் பாருங்கள். கள்ளுக்கு 1987 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. பக்கத்தில் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, புதுச்சேரியில் உண்டு. இங்கே பனையேறி இறக்கினால் கேஸ். குன்னூரில் ஒரு பாட்டி கிறிஸ்துமஸுக்காக ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஊறப்போட்டால், 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் குற்றம்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்துக் கைதட்டினோம். அதை விளைவிக்கிறவர் விலை விழுகிற நாளில் வீட்டில் நாலு பாட்டில் ஒயின் போட்டு விற்க முடியுமா? முடியாது. ஆனால் நாசிக் சிராவை லைசென்ஸோடு, வரியோடு, எலைட் கடையின் ஏசியில் விற்கலாம். 'மதுவிலக்கு' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு யாராவது விளக்கினால் தேவலை.

"கள்ளில் கலப்படம் செய்கிறார்கள், அதனால்தான் தடை" என்பது வழக்கமான பதில். கலப்படம் நடந்தது உண்மை. பாலிலும் கலப்படம் நடக்கிறது. பாலைத் தடை செய்தோமா, சோதனை செய்தோமா? சோதிக்க வேண்டியது அரசின் வேலை. அந்த வேலையைச் செய்ய முடியாது என்றால் அப்படியே சொல்லட்டும்.

மலிவாகவும் சட்டப்படியும் கிடைக்காதபோது ஏழை எங்கே போகிறான் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டிலும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாரம் என் காதில் விழுந்த பேச்சு ஞாபகம் இருக்கிறது. "குடிகாரப் பசங்க, செத்தா சாகட்டும்." சொன்னவர்கள் டீ மட்டும் குடிக்கிறவர்கள் இல்லை. வீக் எண்டில் டேஸ்டிங் போகிறவர்கள்.

"சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாச்சே" என்று ஒரு குரல் வரும். 1991-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பாகச் சாப்பிட்டும் இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயின்தான் காரணமோ என்று கிளப்பிவிட்டது. அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஆல்கஹாலில் கிடையாது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதன் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே முதல் பட்டியலில் போட்டாகிவிட்டது. 2015-ல் புகை போட்ட, உப்புப் போட்ட பதப்படுத்திய இறைச்சியும் அதே பட்டியலில் சேர்ந்தது. ஆக, அன்றைய மெனுவில் இரண்டு பக்கமும் ஒரே பட்டியல்! சாப்பிடாதே என்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை யாரும் செத்துவிட மாட்டார்கள். மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனி மலையின் பக்கத்து நியாயம். பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமானது. 1932-லிருந்து மின்சாரமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் சோலைக்காடு, கீழே முதுமலை. நீலகிரியில் காட்டிலும் ரோட்டோரமும் உடைந்துகிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன்பிறகு 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பும். நல்ல திட்டம். மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது.

அந்தப் பத்து ரூபாய்க்காகக் குவார்ட்டர் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெங்களூரிலிருந்து கார் டிக்கியில் வந்த சிரா பாட்டிலை யார் பொறுக்குவார்கள்? அதற்குப் பத்து ரூபாய் கிடையாது. மறுநாள் காலையில் பங்களாவின் பின்பக்கம் பதினைந்து, இருபது கனமான கண்ணாடி பாட்டில்கள் ஒரு கோணிப்பையில் நின்றன. எங்கே போகும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஐந்து ஒயினிலும் எந்த மலைச்சரிவில் எந்த வருடம் விளைந்த திராட்சை என்று ஒப்பித்தவர்களுக்கு, காலி பாட்டில் நாளைக்கு எந்தச் சரிவில் கிடக்கும் என்று தெரியவில்லை.

ராத்திரியே ஊட்டிக்குக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். இருபது கிலோமீட்டர் மலைப்பாதை, பனிமூட்டம், வழியில் காட்டெருமை. "டேஸ்டிங்தானே, ஒண்ணும் ஆகாது!" சட்டப்படி நூறு மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. சிரா மாதிரி ஒயினில் இரண்டு பெரிய கிளாஸ் போதும், பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள். ரத்தத்துக்கு டேஸ்டிங் என்ற வார்த்தை தெரியாது.

ஒயின் குடிப்பவர்கள் குடிக்கட்டும். மிளகு வாசனை வருகிறவர்கள் ரசிக்கட்டும், வராதவர்கள் வரவில்லை என்று சொல்லட்டும், யாரும் சிரிக்க வேண்டாம். சமையற்காரருக்கு மிளகாயைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கு ஏற்ற பானத்தை அப்புறம் தேடலாம். வண்டி ஓட்டுகிறவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். பாட்டிலைக் கொண்டுவந்த டிக்கியிலேயே திருப்பிக் கொண்டுபோங்கள்.

அரசுக்கும் ஒன்று. எலைட் கடையில் சிராவை விற்கிற கையால் பனையேறியின் பானையை உடைக்காதீர்கள். மூட வேண்டுமென்றால் இரண்டையும் மூடுங்கள். திறப்பதானால் இரண்டையும் சோதித்து, முத்திரை போட்டு, திறந்துவிடுங்கள். குடி கெடுதல் என்றால் எல்லோருக்கும் கெடுதல். ருசி என்றால் எல்லோருக்கும் ருசி.

அடுத்த தடவை நண்பர் கூப்பிட்டால் போவேன். 'டேஸ்டிங்' என்று சொன்னால் மட்டும், "குடிக்கத்தானே கூப்பிடுற, தமிழ்ல சொல்லுப்பா" என்பேன்.